ஓபரா பார்க்க ஆசை, ஆனால் டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை. குறைந்த விலையில் பார்க்க வழி உண்டா?

உண்டு. இணையத்தில் விலையைப் பார்த்து நீங்கள் அரண்டுபோயிருந்தால், அது பெரும்பாலும் கீழ்த்தளத்தின் நடு சீட்டுக்கோ முதல் மாடியின் முன்வரிசைக்கோ போட்ட விலையாக இருக்கும். அதே இரவு, அதே அரங்கில், அதே பாடகர்களை அதில் ஒரு சிறு பங்கு மட்டும் கொடுத்துக் கேட்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். பல வருடங்களாக உச்சி மாடியிலும் நின்று பார்க்கும் இடத்திலும்தான் ஓபரா பார்க்கிறேன். கையில் பணம் இருக்கும்போதும் பல அரங்குகளில் மேல்மாடி டிக்கெட்டைத்தான் எடுக்கிறேன்.

காரணம் ஒலி. ஓபராவில் மைக் கிடையாது. பயிற்சி பெற்ற குரலில் 3,000 ஹெர்ட்ஸை (நொடிக்கு 3,000 அதிர்வுகள்) ஒட்டி ஒலி தனியாகச் செறிந்து நிற்கும். இசைக்குழுவின் ஒலி அந்த இடத்தில் பலம் குறைந்தது. அதனால்தான் எழுபது எண்பது வாத்தியங்களைத் தாண்டி ஒரே ஒரு தொண்டை கடைசி வரிசை வரை வந்து சேர்கிறது. குதிரை லாட வடிவத்தில் கட்டிய அரங்குகளில் இந்த ஒலி மேலே எழும்பி, கூரையில் பட்டு, உச்சி மாடிக்கு நன்றாகவே கிடைக்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ஏறக்குறைய 3,800 சீட்டுகள். அங்கே 'ஃபேமிலி சர்க்கிள்' என்று பெயர் கொண்ட உச்சி மாடியின் ஒலியைப் புகழாத பழைய ரசிகர்கள் குறைவு. இதற்கு நேர்மாறு, கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகள். அங்கே தலைக்கு மேல் பால்கனி துருத்திக்கொண்டு நிற்கும். கூரையிலிருந்து திரும்பி வரும் ஒலி அந்தத் தடுப்பைத் தாண்டி உள்ளே வராது. விலை நடுத்தரம், கேட்பதோ போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல. அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆக, மலிவான டிக்கெட் என்றால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பார்வையை விடலாம், உட்காரும் சுகத்தை விடலாம், முன்கூட்டியே கிடைக்கும் நிச்சயத்தை விடலாம். இவற்றில் உங்களால் எதை விட முடியும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒலியை மட்டும் விடாதீர்கள்.

சுகத்தை விடத் தயார் என்றால், உலகத்திலேயே அதற்குச் சிறந்த இடம் வியன்னா ஸ்டேட் ஓபரா. 1869இல் திறந்த அரங்கு. நின்று பார்க்க நூற்றுக்கணக்கான இடங்கள் அங்கே இருக்கின்றன; நிகழ்ச்சியன்றுதான் விற்பனைக்கு வரும். கீழ்த்தளம், பால்கனி, கேலரி என்று மூன்று இடத்தில் நிற்கலாம். கீழ்த்தளத்தில் நிற்கும் இடம், விலை உயர்ந்த சீட்டுகள் முடியும் இடத்துக்கு அப்படியே பின்னால், நடு பாக்ஸுக்கு (சில நாற்காலிகள் மட்டும் கொண்ட தனித் தடுப்பறை) கீழே, மேடைக்கு நேர் எதிரே இருக்கிறது. முன்னால் இருப்பவர் இருநூறு யூரோவுக்கு மேல் கொடுத்திருப்பார். நீங்கள் கொடுத்தது அதில் சொற்பம். பக்கவாட்டில், ஓபர்ன்காஸே தெருப் பக்கம் தனி வாசல். படிப்படியாக உயரும் தளத்தில் வரிசையாகக் கைப்பிடிக் கம்பிகள். கம்பியில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டி இடத்தை அடையாளப்படுத்துவது அங்கே பழைய வழக்கம். தண்ணீர் குடிக்கப் போனாலும் யாரும் தொட மாட்டார்கள். கம்பியிலேயே சின்னத் திரை, அதில் பாட்டின் மொழிபெயர்ப்பு ஓடும். பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் அதே ஓபராவை இளவயதிலிருந்து பார்த்துவரும் ஒரு பெரியவராகவோ இசைக்கல்லூரி மாணவராகவோ இருப்பார். இடைவேளையில் அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அன்றைய சோப்ரானோவை (உச்சக் குரல் பாடகியை) பற்றி எந்த விமர்சகரும் எழுதாத அளவுக்குச் சொல்வார்கள்.

நின்று பார்ப்பதில் ஒரு விஷயம் முக்கியம்: எந்த ஓபராவுக்கு நிற்கிறோம் என்பது. இசையமைப்பாளர் புச்சினியின் 'லா பொயேம்' இசை மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நடுவில் இடைவேளையும் உண்டு. 'தோஸ்கா'வும் அப்படித்தான். முதல் தடவைக்கு இவை சரி. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'சலோமே' ஒரே அங்கம், ஒன்றே முக்கால் மணி நேரம் இடைவேளை இல்லாமல் ஓடும். கதை உங்களைப் பிடித்து வைத்துவிடும் என்பதால் கால் வலி தெரியாது. நீண்ட ஓபராக்களுக்குப் பேர்போன இசையமைப்பாளர் வாக்னர் பக்கம் முதலில் போக வேண்டாம். 'தாஸ் ரைன்கோல்ட்' இரண்டரை மணி நேரம், இடைவேளையே கிடையாது. 'கோட்டர்டாமருங்' முதல் அங்கம் மட்டும் இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு அங்கம் இருக்கிறது. அதை நின்றே கேட்கிற வைராக்கியக்காரர்கள் உண்டு, அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. முதல் தடவை போகிறவருக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன். மெத்தென்ற காலணி போட்டுக்கொள்ளுங்கள், பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டுப் போகாதீர்கள்.

நிச்சயத்தை விடத் தயார் என்றால் கடைசி நேர டிக்கெட்டுகள். மெட்ரோபாலிட்டனில் 'ரஷ்' டிக்கெட் 25 டாலர். வார நாள் மாலைக் காட்சிக்கு அன்று நண்பகல் 12 மணிக்கு இணையத்தில் திறக்கும். பல சமயம் கீழ்த்தளத்திலேயே இடம் கிடைக்கும் என்பதுதான் இதன் அழகு. கணக்கு முன்பே தொடங்கி, உள்நுழைந்து, கார்டு விவரத்தையும் சேமித்து வைத்துவிட்டு மணி அடிக்கக் காத்திருங்கள். பெயரை அப்போதுதான் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் டிக்கெட் போய்விடும். லண்டனின் ராயல் ஓபரா அரங்கான கோவென்ட் கார்டனில் வெள்ளிக்கிழமை மதியம் 1 மணிக்கு அடுத்த வாரக் காட்சிகளுக்கான டிக்கெட்டுகளில் ஒரு பங்கை இணையத்தில் விடுவார்கள். இப்படி ஏதாவது ஓர் ஏற்பாடு பெரும்பாலான பெரிய அரங்குகளில் உண்டு, பெயர்தான் மாறும். அரங்கின் இணையதளத்தில் டிக்கெட் பக்கத்தை அடி வரை படியுங்கள், எங்கோ கீழே சிறிய எழுத்தில் இருக்கும்.

'விற்றுத் தீர்ந்துவிட்டது' என்று பார்த்ததும் மனம் தளர வேண்டாம். வர முடியாதவர்கள் திருப்பித் தரும் டிக்கெட் கடைசி இரண்டு நாளில் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். காலையிலும் இரவிலும் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்ப்பது என் வழக்கம். ஒற்றை ஆளாகப் போவதென்றால் வாய்ப்பு இன்னும் கூடும். சேர்ந்தாற்போல் இரண்டு இடம் கிடைப்பதுதான் கஷ்டம். நண்பரோடு போனாலும் தனித்தனி வரிசையில் உட்காரத் தயங்காதீர்கள். இசை ஓடும்போது எப்படியும் யாரும் பேசப் போவதில்லை.

பார்வையை விடுவதில்தான் கவனம் தேவை. பக்கவாட்டு பாக்ஸில் பின் நாற்காலி மலிவு, ஆனால் முன் நாற்காலிக்காரர் கொஞ்சம் குனிந்தால் போச்சு. மேடையில் கால்வாசிதான் தெரியும். அதே பாக்ஸில் முன் நாற்காலி கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். மேடையின் ஒரு ஓரம் மறையும், பதிலுக்கு இசைக்குழு முழுவதும் கண்ணுக்குக் கீழே விரியும், இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநரின் முகம் தெரியும். பாடகர் மூச்சு இழுக்கும் கணத்தில் நடத்துநர் தன் கையை எப்படி நிறுத்தி வைக்கிறார் என்று அங்கிருந்து பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். கோவென்ட் கார்டனில் 'ஸ்லிப்ஸ்' என்கிற மேல் ஓர இருக்கைகளும் இந்த வகைதான்.

மொழிபெயர்ப்பு வரிகள் தெரியுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேடைக்கு மேலே வரிகளைக் காட்டும் வழக்கம் 1983இல் டொரான்டோவில் கனடியன் ஓபரா நிறுவனம் 'எலெக்ட்ரா'வுக்குச் செய்ததில் தொடங்கியது. இன்று ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. திரை மேடைக்கு மேலே இருந்தால், மேல் பால்கனி மறைக்கும் பின் இடங்களிலிருந்து தெரியாது. நாற்காலிக்குப் பின்னாலேயே சின்னத் திரை வைத்த அரங்குகளில் இந்தச் சிக்கல் இல்லை. எப்படியானாலும் கதைச் சுருக்கத்தை வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள், பாதிக் கவலை தீரும். மேடையே தெரியாத இடங்களும் சில அரங்குகளில் உண்டு: ஒரு சாய்வு மேசை, சின்ன விளக்கு, இசைக்குறிப்பை விரித்து வைத்துக் கேட்கலாம். மெட்ரோபாலிட்டனில் இருக்கிறது, மியூனிக்கில் இருக்கிறது. இசை படிக்கிறவர்களுக்கு அது வரம், மற்றவர்களுக்கு வேண்டாம்.

வயது 30க்குள் என்றால் உங்களுக்குத் தனிக் கதவே திறந்திருக்கிறது. லண்டனில் இங்கிலிஷ் நேஷனல் ஓபரா 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவச டிக்கெட் தருகிறது. இத்தாலியின் மிலான் நகரில் உள்ள லா ஸ்காலா ஓபரா அரங்கின் பருவத் தொடக்கம் டிசம்பர் 7; அந்த இரவு டிக்கெட் விலையைச் சொன்னால் தலை சுற்றும். அதே படைப்பை, அதே நடிகர்களோடு, சில நாள் முன்னதாக 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு காட்சியாகப் போடுகிறார்கள். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள், வாசலில் கேட்பார்கள்.

வயது தாண்டிவிட்டதா? ஊரை மாற்றிப் பாருங்கள். ஓபரா ஏன் இவ்வளவு விலை என்றால், இசைக்குழு, கோரஸ், பாடகர்கள், மேடைத் தொழிலாளர்கள் என்று ஓர் இரவுக்கு நூறு பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். இதில் ஆளைக் குறைக்கவே முடியாது. டிக்கெட் பணம் மட்டும் செலவுக்குப் போதவும் போதாது. மீதியை நன்கொடையாளர் கொடுக்கும் ஊரில் விலை ஏறும், அரசும் நகராட்சியும் கொடுக்கும் ஊரில் இறங்கும். ஜெர்மனியில் பொதுப்பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் மட்டும் 80க்கு மேல். லைப்ஸிக், ஹனோவர், நியூரம்பெர்க் போன்ற நகரங்களில் நல்ல நடு சீட்டே பெரிய தலைநகரங்களின் ஓர சீட்டு விலைக்குக் கிடைக்கும். புதாபெஸ்ட், பிராக் இரண்டும் இதே பட்டியலில் வரும். இந்த அரங்குகளில் பாடுகிறவர்களைக் குறைத்து எடைபோட வேண்டாம். பெரிய பெயர்கள் பலரும் இப்படிப்பட்ட அரங்குகளில் மாதச் சம்பளத்துக்குப் பாடி வளர்ந்தவர்கள்தான்.

படைப்பை மாற்றினாலும் விலை இறங்கும். 'கார்மென்', 'லா திராவியாதா' என்றால் கூட்டம் அள்ளும். அதே அரங்கில் செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் 'யெனுஃபா'வோ ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'பீட்டர் கிரைம்ஸோ' வந்தால் பல இரவு இடம் காலியாக இருக்கும், தள்ளுபடியும் வரும். யாராவது என்னிடம் முதல் ஓபரா எது என்று கேட்டால் தயங்காமல் 'யெனுஃபா' என்பேன். ஒரு கிராமம், ஒரு மாவு மில், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில் ஒரு வளர்ப்புத்தாய் செய்யும் கொடுமை. இரண்டு மணி நேரம்தான், நெஞ்சைப் பிசைந்துவிடும். முதல் இரவை விட்டு, செவ்வாய் புதன் காட்சிகளைப் பாருங்கள். புதுத் தயாரிப்பை விட, முன்பே போட்டதை மறுபடி போடும்போது பல இடங்களில் விலை குறைவு.

இசைக்கல்லூரி மாணவர்கள் போடும் ஓபராக்களைப் பலரும் கவனிப்பதில்லை. நியூயார்க்கின் ஜூலியார்ட், லண்டனின் கில்ட்ஹால் போன்ற இடங்களில் இளம் பாடகர்கள் முழு ஓபரா போடுகிறார்கள். சிறிய அரங்கு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து குரல் உடம்பில் அதிர்வதை உணரலாம். விலையும் கையைக் கடிக்காது.

காசே இல்லாமலும் பார்க்கலாம். வியன்னாவில் வசந்தகாலத்திலும் செப்டம்பரிலும் பல இரவுகளில் உள்ளே நடப்பதை வெளியே சதுக்கத்தில் பெரிய திரையில் நேரலையாகக் காட்டுகிறார்கள், நாற்காலியும் போட்டிருப்பார்கள். மியூனிக்கில் கோடை விழாவின்போது இதே போல உண்டு. 'ஓபராவிஷன்' என்ற தளம் 2017 முதல் ஐரோப்பிய அரங்குகளின் முழு ஓபராக்களை இலவசமாக ஒளிபரப்புகிறது. நேரில் போவதற்கு முன் ஓர் அங்கம் பார்த்துவிட்டுப் போனால் நல்லது.

டிக்கெட்டை அரங்கின் சொந்த இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடினால் மேலே வருவது பல சமயம் மறுவிற்பனைத் தளம். அரங்கின் பெயரைப் போலவே பெயர் வைத்திருக்கும், விலை இரண்டு மடங்கு இருக்கும். வியன்னாவில் மொசார்ட் காலத்துப் பொய்முடியும் சிவப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு தெருவில் டிக்கெட் விற்பவர்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் விற்பது சுற்றுலாப் பயணிகளுக்கான கச்சேரிக்கு. அந்த இரவு ஸ்டேட் ஓபராவில் நடக்கும் ஓபராவுக்கு அல்ல.

உடையைப் பற்றிக் கவலை வேண்டாம். மேல்மாடியில் சுத்தமான சாதாரண உடை போதும். நேரத்தில் மட்டும் கறாராக இருங்கள். இசை தொடங்கியதும் கதவை மூடிவிடுவார்கள், எத்தனை டாலர் கொடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் அடுத்த இடைவேளை வரை பல அரங்குகளில் வெளியேதான். உச்சி மாடிக்குப் படி ஏறவும், கோட்டும் பையும் ஒப்படைக்கவும் நேரம் பிடிக்கும். அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.