பூக்கிறது, காய்க்கவில்லை: கொட்டை மரக் கேள்விகள்

கேள்வி: ஆன்லைனில் ரெண்டு ஹேசல்நட் (சாக்லேட்டில் போடும் கொட்டை) கன்று வாங்கிவிட்டேன். ஒத்தக்கடையில் 10 சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. வைத்தால் காய்க்குமா?

பதில்: காசைக் கொடுக்கும் முன்னால் கேட்டிருக்கலாம், ஐயா. இலை விடலாம், காய்க்காது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கி எழுகிற செடி அது. பெரும்பாலான ரகங்களுக்கு 7 டிகிரிக்கும் குறைவான குளிர் 800 முதல் 1,200 மணி நேரம் வேண்டும். நம் ஊர் மார்கழி விடியலுக்கு ஒரு துண்டு போர்த்தினால் போதும். உலக விளைச்சலில் பாதிக்கு மேல் துருக்கியிலிருந்து, அதுவும் பெரும்பாலும் கருங்கடல் கரையிலிருந்து வருவது சும்மா இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் ஓரிகனில் இருக்கும் மகள் வீட்டில் ஒரே ஒரு ஹேசல்நட் மரம். வருஷா வருஷம் பூக்கிறதாம், ஒரு கொட்டைகூட இல்லை. உரம் போதவில்லையோ?

பதில்: உரத்தில் குறையில்லை அம்மா, துணைதான் இல்லை. ஆண்பூ சீமைக்கருவேலம் பூ மாதிரி நீளமாகத் தொங்கும். பெண்பூவை வீடியோ காலில் காட்டச் சொன்னாலும் பார்ப்பது சிரமம்: மொட்டு நுனியில் குங்குமச் சிவப்பில் சில மெல்லிய இழைகள், அவ்வளவுதான். இரண்டும் ஒரே மரத்தில் இருந்தாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. தேனீயை நம்பியும் பயனில்லை. கடுங்குளிரில், ஜனவரி வாக்கில் பூப்பதால் காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டும். ஆகவே பத்துப் பதினைந்து மீட்டருக்குள் இன்னொரு ரகம் வேண்டும், அதுவும் பொருந்துகிற ரகமாக. மகள் வீட்டில் இருப்பது ‘ஜெஃபர்சன்’ என்றால் ‘ஈட்டா’, ‘தீட்டா’ இரண்டும் ஒத்துவரும். ரகம் தெரியாமல் துணை தேட வேண்டாம். வாங்கிய நர்சரி பில்லை முதலில் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: கொட்டாம்பட்டியில் 6 வயது ஒட்டு முந்திரி. பூங்கொத்து கருகிக் காய்கிறது. வெயிலா, பூச்சியா?

பதில்: கருகிய காம்பை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்னப் புண்ணும் பிசின் துளியும் தெரிந்தால் தேயிலைக் கொசுவின் வேலை. பெயர்தான் கொசு, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி அது. தளிர் விடும்போதே கவனித்து, வேளாண்மை அலுவலரிடம் கேட்டு மருந்தடித்துவிட வேண்டும். பூ விரிந்தபின் அடித்தால் என் கதைதான். ஒரு வருஷம் காலை ஒன்பது மணிக்கு அடித்தேன். மத்தியானம் மரத்தடியில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. அந்த வருஷம் கொத்து பச்சையாக நின்றும் காய் பிடிக்கவில்லை. முந்திரிக் கொத்தில் பெரும்பாலானவை ஆண்பூக்கள். காயாகக் கூடிய இருபால் பூக்கள் கொஞ்சம்தான், அவற்றுக்கும் பூச்சிகள் வந்தாக வேண்டும்.

கேள்வி: முந்திரியைப் பறிக்கலாமா, விழட்டுமா?

பதில்: விழட்டும். அன்றன்றே பொறுக்கித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பது முற்றாதது, தனியே ஒதுக்குங்கள். மூழ்கியதை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து மூட்டை கட்டுங்கள். ஓட்டுப் பால் கையில் பட்டால் தோல் வெந்துவிடும், பிள்ளைகளை உடைக்க விடாதீர்கள்.