பெரிய இசை நிறுவனத்தின் துணையில்லாமல் ஒரு நாட்டுப்புறப் பாடகி அமெரிக்காவில் நிலைக்க முடியுமா?

முடியும். ஆனி டிஃப்ராங்கோவைப் பாருங்கள். 1970-இல் பஃபலோ நகரில் பிறந்தவர். 1990-இல் முதல் ஆல்பத்தைத் தாமே வெளியிட்டு, கச்சேரிகளில் கேசட்டுகளாக விற்றார். பெரிய நிறுவனங்கள் அழைத்தும் போகாமல், 'ரைச்சியஸ் பேப்' என்ற சொந்த நிறுவனத்தையே வளர்த்தார். எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் அதற்கு!

அவருடைய கிதார் வாசிப்பைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். விரல்களில் செயற்கை நகங்களை ஒட்டி, அவை கழன்றுவிடாமல் டேப் சுற்றிக்கொண்டு தந்திகளை அறைவார். ஒரே கருவியில் பண்ணோடு தாளமும் சேர்ந்து கேட்கும். அந்த வேகத்தைக் கைகள் தாங்கவில்லை. தசைநாண் அழற்சியால் 2005-இல் சில மாதங்கள் மேடையேறாமல் ஓய்வெடுத்தார்.

பஃபலோவில் இடிபடவிருந்த பழைய தேவாலயம் ஒன்றை மீட்டுக் கச்சேரி அரங்காக்கியதும் அவருடைய நிறுவனம்தான்.