பெயின்ட் கடைசியில், தகடு முதலில்

கேள்வி: அண்ணா, எனக்கு 46 வயது. பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறேன். அப்பா ஒரு மில் முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். அவர் ஓட்டிய வெள்ளை கான்டெசா கார் மாதிரியே ஒன்று வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. போன வருடம் 1996 மாடல் கான்டெசா கிளாசிக், 1.8 பெட்ரோல், 2,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். பதினோரு மாதத்தில் டிங்கரிங், பெயின்ட் 80,000, ஏசி 34,000, சீட் 22,000, கார்புரேட்டர் 9,000 என்று 1,45,000 செலவாகிவிட்டது. இன்னமும் வால்பாறை மலை ஏறினால் இன்ஜின் சூடாகிறது. மழை பெய்தால் முன்பக்கக் கார்ப்பெட் நனைகிறது. அடுத்த ஜூனில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். மனைவி விற்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, விற்க வேண்டாம். ஆனால் மகளின் கட்டணம் கட்டும் வரை, இங்கே சொல்லும் வேலைகளைத் தவிர வேறு எதற்கும் வண்டிக்குப் பணம் எடுக்காதீர்கள்.

உங்கள் கணக்கைப் பார்த்தேன். பிரேக்குக்கு ஒரு ரூபாய் இல்லை, அடித்தகட்டுக்கு ஒரு ரூபாய் இல்லை. கண்ணில் படும் இடத்துக்கே எல்லாம் போயிருக்கிறது. உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருடம் பட்டறையில் கை கறுத்த பிறகு, 2008ல் நானும் ஒரு கான்டெசா வாங்கினேன். வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் தடவை டயர் கழற்ற ஜாக்கி வைத்தேன். வண்டி எழவில்லை, ஜாக்கிதான் தகட்டுக்குள் ஏறியது. வருடக்கணக்கில் தண்ணீர் தேங்கி அரித்த இடத்தை, விற்றவர் பட்டி பூசி, மேலே தார் அடித்து மறைத்திருந்தார். அன்று சாயங்காலம் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வண்டிக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரின் உடம்பை எடுத்து, 1984 முதல் 2002 வரை கொல்கத்தா பக்கம் உள்ள உத்தர்பாராவில் செய்தார்கள். அந்த உடம்புதான் எலும்பும். தரைத்தகடு இற்றுப்போனால் அழகு போவதோடு நிற்காது, வண்டியின் பலமே போகிறது. அதனால் ஈரக் கார்ப்பெட்டை விட்டுவிடாதீர்கள். முழுவதும் கழற்றி வெயிலில் போடுங்கள். பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பாருங்கள். இலைதழை அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். அப்புறம் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கையும் பாருங்கள். இது முடிந்ததும் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தரைத்தகட்டையும், கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் பெட்டியையும் அடிப்பக்கத்திலிருந்து குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கும் இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அங்கே மறுபடி பட்டி வைக்க யாரையும் விடாதீர்கள்.

சூடாவதைப் பற்றி முதலில் அப்பாவைக் கேளுங்கள். அவர் ஓட்டிய வண்டி மலையில் சூடு காட்டும் முள் ஏறாமல் போயிருக்கும். நல்ல நிலையில் உள்ள இந்த இன்ஜின் மலைக்கு அஞ்சாது. ரேடியேட்டரைக் கழற்றி, தொட்டியைப் பிரித்து, ராடு விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை யாராவது பிடுங்கி எறிந்திருந்தால் புதிது போடுங்கள். வெறும் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள். இதெல்லாம் பெரிய செலவு இல்லை. ஆனால் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

இன்ஜினைப் பற்றி ஒரு நல்ல செய்தி. உங்களுடையது 1,817 சிசி இசுஸு. அதே இன்ஜின் அம்பாசடர் 1800 ஐஎஸ்ஸட்டிலும் வந்தது. கான்டெசா சாமான் கேட்டு இல்லை என்றால், அம்பாசடர் 1800 என்று கேளுங்கள். பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்குப் போகும் நண்பர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. கிடைக்காதது வெளிச்சாமான்தான். முன் கண்ணாடி, பின் விளக்கு, குரோம் பட்டை எதையாவது நல்ல நிலையில் பார்த்தால் தேவை வரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டணம் கட்டிய பிறகு.

பெட்ரோல் ஹோஸை உடனே மாற்றுங்கள். இதில் தள்ளிப்போட இடமே இல்லை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1996ல் போட்ட ரப்பர் இதற்காகச் செய்ததல்ல. ரப்பர் ஊறி, விரிசல் விட்டு, பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் சொட்டும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாப்ரத்தையும் கூடவே மாற்றிவிடுங்கள். பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டரையும் நான்கு சக்கரத்தையும் பிரித்துப் பார்க்காமல் மலைப்பக்கம் போகவே வேண்டாம்.

ஒரு செலவு தவிர்க்க முடியாதது. 1996ல் பதிவான வண்டிக்கு முதல் 15 வருடப் பதிவு 2011ல் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்களுக்கு அடுத்தது 2026. இருபது வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. தகடு அரித்திருந்தால் எப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனையில் வண்டி தேறாமல் நிற்கும். அந்தத் தேதியை மனைவியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கல்லூரிக் கட்டணத்தோடு சேர்த்து அவரும் கணக்குப் போடட்டும்.

ஸ்க்ரூடிரைவர் எங்கெங்கே இறங்கியது என்று ஒரு தாளில் வண்டியின் அடிப்பக்கத்தை வரைந்து, குறித்து அனுப்புங்கள். எவ்வளவு தகடு வெட்ட வேண்டியிருக்கும் என்று பார்த்து எழுதுகிறேன்.