அகதியா, இடம்பெயர்ந்தவரா?

வணக்கம் ஐயா,

2005 கத்ரீனா புயலைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். நியூ ஆர்லியன்ஸ் மக்களை 'ரெஃப்யூஜி' என்று எழுதக் கூடாதென அப்போது பெரிய சர்ச்சை நடந்திருக்கிறது. ஊரை விட்டு ஓடியவர்களை அகதி என்றுதானே சொல்வோம்? சொல்லை 'இவாக்யுவீ' (வெளியேற்றப்பட்டவர்) என்று மாற்றினால் குடிக்கத் தண்ணீர் கிடைத்துவிடுமா? எந்தச் சொல்லைப் போடட்டும்?

வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

தமிழில் அகதி என்றால் கதியற்றவர். அதனால்தான் உங்களுக்கு உறுத்தவில்லை. ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை நிற்கிறது: இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சி, சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி. நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்திலிருந்து பக்கத்து டெக்சாஸ் மாநிலத்துக்குப் போனவர் நாட்டின் எல்லையைத் தாண்டவில்லை. நகரின் சூப்பர்டோம் விளையாட்டரங்கில் தஞ்சம் புகுந்து தவித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சொந்த நாட்டிலேயே அந்நியராக்கும் சொல் என்று அவர்களுக்குச் சுட்டது. அமெரிக்கக் குடிமக்களை அப்படி அழைப்பது இனவெறி என்றார் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன். அதிபர் புஷ்ஷும் இவர்கள் அகதிகள் அல்ல, அமெரிக்கர்கள் என்றார். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அந்தச் சொல்லைக் கைவிட்டது. ஏபி செய்தி நிறுவனம் கைவிடவில்லை.

என் வருத்தம் வேறு. மாற்றாக வந்த 'இவாக்யுவீ' அதைவிடப் பொய்யான சொல். அது முறையாக வெளியேற்றப்பட்டவரைக் குறிப்பது. கட்டாய வெளியேற்ற உத்தரவு ஆகஸ்ட் 28 காலையில்தான் வந்தது. மறுநாள் காலை புயல் கரையேறியது. நகரில் கார் இல்லாதவர்கள் ஏறத்தாழ 1 லட்சம் பேர். அதுவும் மாதக் கடைசி. உதவித்தொகையை நம்பியிருந்தவர்களுக்கு 1ஆம் தேதிதான் பணம் வரும். பெட்ரோலுக்கும் விடுதி வாடகைக்கும் கையில் காசில்லை. பள்ளிப் பேருந்துகள் நிறுத்திய இடத்திலேயே வரிசையாக மூழ்கின. இவர்களை யாரும் வெளியேற்றவில்லை, விட்டுவிட்டுப் போனார்கள். 'வெளியேற்றப்பட்டோர்' என்று எழுதினால் அந்தத் தவறு மறைந்துவிடும்.

சொல்லை மாற்றினால் தண்ணீர் வருமா என்று கேட்கிறீர்கள். சொல் தண்ணீரைத் தடுத்ததைச் சொல்கிறேன். அந்த வாரம் இணையத்தில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசப்பட்டன. மார்பளவு தண்ணீரில் பையை இழுத்துச் செல்லும் கறுப்பின இளைஞரின் படத்தில், கடையைக் 'கொள்ளையடித்துவிட்டு' வருகிறார் என்று குறிப்பு. அதே தண்ணீரில் நடக்கும் வெள்ளையர் இருவருக்கு, ரொட்டியும் சோடாவும் 'கிடைத்தன' என்று குறிப்பு. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் படங்கள். பொருட்கள் மிதந்து வந்ததைக் கண்டதாக இரண்டாவது படத்தை எடுத்தவர் விளக்கினார். இருக்கட்டும். கொள்ளை என்ற பேச்சு ஊரெங்கும் பரவி, ஆகஸ்ட் 31 மாலை மேயர் ரே நேகின் மீட்புப் பணியிலிருந்த ஏறத்தாழ 1,500 போலீசாரைக் கொள்ளையைத் தடுக்கத் திருப்பினார். கூரைகள் மேல் ஆட்கள் இன்னும் காத்திருந்த நேரம் அது.

உங்கள் கட்டுரையில் 'இயற்கைச் சீற்றம்' என்று வந்தால் அங்கேயும் நிதானியுங்கள். நகரின் 80 விழுக்காடு மூழ்கியதற்கு முக்கியக் காரணம் கரைச்சுவர்கள் உடைந்தது. 17ஆம் தெருக் கால்வாயில் தண்ணீர் சுவரின் விளிம்பைக்கூடத் தாண்டவில்லை. அடியிலிருந்த இளகிய மண் நழுவிச் சுவரையே தள்ளிக்கொண்டு போனது. சுவரை வடிவமைத்தது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை. காப்பீட்டிலும் இதே சிக்கல்தான். சாதாரண வீட்டுக் காப்பீடு காற்றின் சேதத்துக்குப் பணம் தரும், வெள்ளத்துக்குத் தராது. கரை உடைந்து வந்த தண்ணீரும் 'வெள்ளம்'தான் என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனி வெள்ளக் காப்பீடு எடுக்காதவருக்குத் தண்ணீரால் போன சுவருக்கும் தரைக்கும் வீட்டுக் காப்பீட்டிலிருந்து ஒரு காசு வரவில்லை. ஒரே ஒரு சொல், ஒரு குடும்பத்தின் வீடு.

ஆக, சரியான சொல் எது? ஐ.நா.வின் 1998 வழிகாட்டு நெறிகளில் அது இருக்கிறது: உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். இயற்கையாலோ மனிதராலோ நேர்ந்த பேரிடரால் ஊரை விட்டவர்களும், நாட்டெல்லையைத் தாண்டாதவரை, அதில் அடக்கம். அவர்கள் விரும்பினால் பாதுகாப்பாகவும் கண்ணியமாகவும் ஊர் திரும்ப வழிசெய்வது அரசின் கடமை. மீள்குடியேற்றத் திட்டத்தில் அவர்களுக்கும் பங்கு வேண்டும். 'அகதி அல்ல, அமெரிக்கர்' என்ற பேச்சு மானத்தைக் காத்தது, சரிதான். ஆனால் ஊர் திரும்பும் உரிமையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

'இடம்பெயர்ந்தோர்' நமக்குப் புதிதல்ல. இலங்கைத் தமிழ் இதழ்களில் பல்லாண்டாகப் புழங்குவது. 'புலம்பெயர்ந்தோர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த வழக்கில் அது வெளிநாட்டில் குடியேறியவர்களைச் சுட்டும். தமிழ்நாட்டில் 2021இல் 'இலங்கை அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பெயர் நல்ல பெயர்தான், ஆனால் குடியுரிமை அதோடு வந்துவிடவில்லை.

உங்கள் கையெழுத்துப் படிக்கு வருவோம். புயலுக்கு முன்பே காரில் கிளம்பியவர்களை 'வெளியேறியவர்கள்' என்று எழுதுங்கள். சூப்பர்டோமிலும் மாநாட்டு மையத்திலும் கிடந்தவர்கள், அங்கே கிடந்த நாட்கள் வரை, 'சிக்கிக்கொண்டவர்கள்'. பேருந்தில் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரிலுள்ள ஆஸ்ட்ரோடோம் அரங்குக்குக் கொண்டுபோனபின் 'இடம்பெயர்ந்தோர்'. ஜாக்சன், புஷ் பேச்சுகளில் மட்டும் 'அகதி' அப்படியே இருக்கட்டும். அந்தச் சண்டையே அந்தச் சொல்லைப் பற்றியதுதானே.