யாரும் வேலையை விட்டுப் போகவில்லை என்றால் அது நல்ல கந்தோரா?

யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிறுவனக் கிளையில் வேலை செய்யும் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: மனேஜர் சிலரை மட்டும் வாடிக்கையாளர் முன்னாலேயே ஏசுகிறார். கூட்டத்தில் அவர்கள் கதைத்தால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுகிறார். தலைமை அலுவலகத்துக்கு முறைப்பாடு செய்தபோது, "உங்கள் கிளையில் பல வருடமாக ஒருவரும் விலகவில்லை. எல்லாரும் விசுவாசமான ஆட்கள். அங்கே அப்படிப் பிரச்சினை இருக்காது" என்று பதில் வந்திருக்கிறது. இது துன்புறுத்தல்தானா, உளவியல் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பது அவருடைய கேள்வி.

உங்கள் தலைமை அலுவலகம் சொன்னது பிழை. ஆட்கள் விலகாமல் இருக்கிறார்கள் என்பது ஒரு விஷயம், ஏன் விலகாமல் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். இரண்டாவதைக் கேட்டுப் பார்க்காமலே உங்கள் முறைப்பாட்டைத் தள்ளிவிட்டார்கள். நானும் யாழ்ப்பாணத்தில் மனிதவளப் பிரிவில் வேலை செய்பவன். இதே பதிலைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. முப்பது வருடத்துக்கு மேலாக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதிவரும் விஷயம் இது.

கனடாவின் வெஸ்டேர்ன் ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் மேயர், நத்தலி அலன் என்ற இரு உளவியலாளர்கள் 1991இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஊழியர் ஒருவரை நிறுவனத்தோடு கட்டி வைப்பது ஒன்றல்ல, மூன்று என்றார்கள். இருக்க விரும்பி இருப்பது ஒன்று. போனால் இழப்பு அதிகம், போக வேறு இடமும் இல்லை என்பதால் இருப்பது இன்னொன்று. போவது சரியில்லை, கடமைப்பட்டிருக்கிறோம் என்று இருப்பது மூன்றாவது. வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும். காலையில் நேரத்துக்கு வருவார்கள், கையெழுத்து வைப்பார்கள், வருடங்கள் போகும்.

யாழ்ப்பாணத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் எவ்வளவு பலமானவை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள், வீட்டுக் கடன், தங்கச்சியின் படிப்புச் செலவு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கையில் இருக்கிற வேலையை விடுவதற்கு யாருக்கும் மனம் வராது. அதோடு, இங்கே நிறைய வேலைகள் யாராவது ஒருவர் சொல்லித்தான் கிடைக்கின்றன. ஒரு மாமாவோ, படிப்பித்த சேரோ, கோயில் சபையில் இருக்கிற ஒருவரோ கதைத்து எடுத்துத் தந்திருப்பார். அந்த வேலையை விட்டால் அவருடைய முகத்தை எப்படிப் பார்ப்பது? ஏச்சை வாங்கிக்கொண்டு இருந்துவிடுவோம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இதை விசுவாசம் என்று எழுதி வைத்துவிட்டு ஒரு நிறுவனம் நிம்மதியாக இருக்க முடியாது.

ஏன் முடியாது என்றால், நிறுவனத்துக்குப் பயன்படுவது பெரும்பாலும் முதலாவது வகைப் பிணைப்புத்தான். மேயரும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். ஒழுங்காக வருவது, நன்றாக வேலை செய்வது, கேட்காமலே சக ஊழியருக்கு உதவுவது ஆகியவை விருப்பத்தோடு இருப்பவர்களிடம்தான் கூடுதலாக இருந்தன. வேறு வழியில்லாமல் இருப்பவர்களிடம் அப்படி ஒரு நன்மையும் தெரியவில்லை. அந்த விருப்பத்தோடு மிக நெருக்கமாக இணைந்திருந்தது 'நிறுவனம் எனக்குப் பின்னால் நிற்கிறது' என்ற நம்பிக்கை. துன்புறுத்தல் முதலில் தின்பதும் அதைத்தான். பாலியல் துன்புறுத்தல் பற்றிய 41 ஆய்வுகளை ஒன்றாக்கி 2007இல் வந்த ஒரு பகுப்பாய்வில், அதற்கு ஆளானவர்களிடம் வேலைத் திருப்தி, நிறுவனத்தின் மீதான பிணைப்பு, உடல்நலம், மனநலம் எல்லாமே குறைந்திருந்தன. ஆனால் கடனும் கடமையும் அப்படியே இருக்கும். அதனால் ஆள் அங்கேயே இருப்பார், மனம் மட்டும் போய்விட்டிருக்கும்.

சரி, இது துன்புறுத்தல்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். சுவீடனில் வேலை செய்த ஹைன்ஸ் லேமான் என்ற உளவியலாளர் 1980களில் இதை முறையாக ஆராயத் தொடங்கினார். 45 வகையான செயல்களைப் பட்டியலிட்டார். கதைக்க விடாமல் தடுப்பது, ஆள் இல்லாத மாதிரி நடத்துவது, பின்னால் கதை கட்டுவது, தகுதிக்குக் கீழான வேலையைத் திட்டமிட்டுக் கொடுப்பது போன்றவை அதில் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு தடவையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்தால் அதைத் துன்புறுத்தல் என்று கணக்கெடுத்தார். அது ஆய்வுக்காக வைத்த எல்லை. நீங்கள் ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பின்னர் நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டோலே ஐனார்சனும் சகாக்களும் 22 கேள்விகள் கொண்ட ஒரு வினாக்கொத்தைத் திருத்தி அமைத்தார்கள். அதில் "உங்களைத் துன்புறுத்தினார்களா?" என்று நேரடியாகத் தொடங்க மாட்டார்கள். உங்கள் கருத்தைப் புறக்கணித்தார்களா, உங்கள் பிழைகளைத் திரும்பத் திரும்ப நினைவூட்டினார்களா, செய்து முடிக்க முடியாத வேலையைத் தந்தார்களா என்று செயல்களைக் கேட்பார்கள். எத்தனை தடவை என்றும் கேட்பார்கள். நீங்கள் எழுதியதில் குறைந்தது இரண்டு அதில் அப்படியே இருக்கின்றன.

'நான்தான் கூடுதலாக யோசிக்கிறேனோ' என்று உங்களுக்குத் தோன்றுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. லின் அண்டர்சன், கிறிஸ்டின் பியர்சன் இருவரும் 1999இல் வேலையிட அவமரியாதை பற்றி எழுதியபோது அதன் முக்கியமான இயல்பாகச் சொன்னது, நோக்கம் தெளிவில்லாமல் இருப்பது. வேண்டுமென்றே செய்தாரா, கவனிக்கவில்லையா என்று நிரூபிக்க முடியாது. அந்தச் சந்தேகம் முழுவதும் பாதிக்கப்பட்டவரின் தலையில்தான் விழுகிறது. அவர் இரவில் படுத்துக்கொண்டு நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். செய்தவர் நித்திரையாகிவிடுவார்.

'சிலரை மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். அமெரிக்க உளவியலாளர் லிலியா கோர்ட்டினா 2008இல் முன்வைத்த கருத்து இது: பாரபட்சம் இப்போது வெளிப்படையான வசையாக வருவது குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக, யாருக்கு முகம் கொடுத்துக் கதைப்பது, யாருடைய பேச்சை வெட்டுவது, யாருக்கு வணக்கம் சொல்வது என்ற சின்னச் சின்ன அவமரியாதைகளுக்குள் அது ஒளிந்துகொள்கிறது. செய்பவர் தன்னைப் பாரபட்சம் இல்லாதவர் என்று உண்மையாகவே நம்பலாம். நகர நிர்வாகம், காவல் பணி, இராணுவம் என்று அமெரிக்காவின் மூன்று அமைப்புகளில் எடுத்த தரவுகளை அவரும் சகாக்களும் 2013இல் வெளியிட்டார்கள். பெண்களும் வெள்ளையர் அல்லாதவர்களும்தான் இந்த அவமரியாதைக்குக் கூடுதலாக ஆளாகியிருந்தார்கள், வேலையை விடும் எண்ணமும் அதோடு கூடியது.

அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. எங்களிடம் இருக்கும் கோடுகள் வேறு. புதிதாக வந்த பிள்ளையிடம் முதல் நாளே "நீங்கள் எவடம்? அதிலை எந்தப் பக்கம்? அங்கை ஆரின்ரை ஆள்?" என்று கேட்பது எதற்கென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். சாதியைக் காட்டி ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் 1957இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளுக்குள் போவதற்கும், 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போவதற்கும் இங்கே போராட வேண்டியிருந்தது. இன்றைக்குக் கந்தோர்களில் யாரும் வெளிப்படையாகத் தடுப்பதில்லை. ஆனால் ஒருவருடைய தேநீர்க் கோப்பை தனியாக வைக்கப்படும், ஒருவரை வீட்டு விசேஷத்துக்கு அழைக்க மறந்துபோகும், வன்னியிலிருந்து வந்தவரின் பேச்சைப் பகிடி பண்ணுவார்கள், மலையகப் பின்னணி உள்ளவருக்கு வெயிலில் அலைகிற வேலையே தொடர்ந்து விழும். உங்கள் கிளையில் ஏச்சு வாங்குகிறவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெண்கள் மட்டுமா? ஒரே பக்கத்திலிருந்து வந்தவர்களா? தற்காலிக நியமனத்தில் இருப்பவர்களா? அப்படி ஏதாவது ஒரு ஒழுங்கு தெரிந்தால், 'அவருக்குக் கொஞ்சம் முன்கோபம், மனதில் ஒன்றும் இல்லை' என்ற விளக்கம் நிற்காது. முன்கோபக்காரர் ஆள் பார்த்துக் கோபப்பட மாட்டார்.

பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் சகாக்களும் தப்பவில்லை. கனடாவில் மருத்துவமனைத் தாதியரை வைத்துச் செய்து 2012இல் வெளியான ஒரு ஆய்வில், தாங்கள் நேரடியாகத் துன்புறுத்தப்படாவிட்டாலும் அது நடக்கிற பிரிவில் இருந்தவர்களுக்கும் வேலையை விடும் எண்ணம் கூடியிருந்தது. எனவே அவர்களுடைய மௌனத்தை மனேஜருக்கான ஆதரவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தலைமை அலுவலகம் இதை ஒரு தனி மனிதரின் குணம் என்று பார்த்தால் அதுவும் போதாது. பாலியல் துன்புறுத்தல் பற்றிய ஆய்வில் பெரிய பெயரான லூயிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும் சகாக்களும் ஒரு நிறுவனத்தின் சூழலை மூன்று கேள்விகளால் அளந்தார்கள். முறைப்பாடு செய்பவருக்கு ஆபத்து இருக்கிறதா? முறைப்பாட்டைக் கணக்கில் எடுக்கிறார்களா? செய்தவருக்குத் தண்டனை கிடைக்கிறதா? நான் சொன்ன 2007 பகுப்பாய்விலும், துன்புறுத்தல் எங்கே நடக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் வலுவான காரணிகளில் ஒன்று இந்தச் சூழல்தான். உங்களுக்கு வந்த பதிலே இரண்டாவது கேள்விக்கு விடை தந்துவிட்டது.

இனிச் செய்யக்கூடியவை. திகதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள், கந்தோர்க் கணினியில் வேண்டாம். நடப்பதில் பாலியல் சாயல் இருந்தால் அது வெறும் நிர்வாகப் பிரச்சினை அல்ல: 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு அதைக் குற்றமாக்குகிறது, வேலையிடத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்வதையும் வெளிப்படையாகச் சேர்க்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மனம் தாங்காமல் போனால், நித்திரை இல்லாமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழைக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் இருக்கிறது, ஆனால் அது அரச நிறுவனங்களின் செயல்களைத்தான் விசாரிக்கும். உங்களுடையது தனியார் நிறுவனம் என்பதால் தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

தலைமை அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதுவதாக இருந்தால், முடிந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து எழுதுங்கள். அதில் ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள்: எங்கள் கிளை ஊழியர் எல்லாரிடமும் பெயர் இல்லாமல் ஒரு வினாக்கொத்துக் கொடுங்கள். இதே சம்பளத்தில், இதே தூரத்தில் வேறு வேலை கிடைத்தால் இங்கே இருப்பீர்களா என்ற கேள்வியும் அதில் இருக்கட்டும். நிரப்பிய தாள்கள் மனேஜரின் மேசைக்குப் போகாமல், ஒட்டிய உறையில் நேரே கொழும்புக்கே போகவேண்டும் என்பதையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.