வந்தவாசி வென்ற அயர் கூட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

திண்டிவனம் வாசகர்: ஐயா, அயர் கூட் ஆங்கிலேயரா, ஐரிஷ்காரரா?

ஐரிஷ்காரர், ஆனால் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்ட தளபதி. அயர்லாந்தின் லிமரிக் பகுதியில் 1726இல் ஒரு புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவர். வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று அவரிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியின் தந்தையும் அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குப் போன கத்தோலிக்கர்தான். அயர்லாந்தின் மதப் பிளவு நம் வட ஆர்க்காட்டு மண்ணிலும் எதிரெதிரே நின்றது என்பேன்.

சேலம் வாசகர்: இந்தியாவில் போரிட்டவர் நாடாளுமன்றத்தில் எப்படி இருந்தார்?

லண்டன் மக்களவையில் 1768 முதல் லெஸ்டருக்கும், 1774 முதல் 1780 வரை பூலுக்கும் உறுப்பினர். பணியில் இருக்கும் ராணுவ அதிகாரி உறுப்பினராவதற்கு அன்று தடையில்லை. உறுப்பினருக்குச் சம்பளமும் கிடையாது. 1779இல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாகக் கல்கத்தாவுக்கு வந்த பிறகும் பூல் தொகுதி அவர் பெயரில்தான் இருந்தது. தொகுதிக்கு அவரால் என்ன நன்மை என்று கேட்டால், பெரிதாக எதுவும் சொல்வதற்கில்லை.

ஆனால் 1772இல் மக்களவைக் குழு முன் அவர் சொன்ன சாட்சியம் முக்கியமானது. பிளாசிப் போருக்கு முன் கிளைவ் கூட்டிய ஆலோசனையில், உடனே தாக்க வேண்டாம் என்று கிளைவே வாக்களித்தார். கூட் மறுத்தார். வீரர்கள் உற்சாகமாக இருக்கிறார்கள், தாமதித்தால் பிரெஞ்சுக்காரர்கள் வங்க நவாபுக்குத் துணையாக வந்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். கிளைவும் பிறகு மனம் மாறித் தாக்கினார். மேலதிகாரியின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசிய அந்தத் துணிவுதான் கூட்டிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

சிதம்பரம் வாசகர்: பரங்கிப்பேட்டைப் போர் பற்றிச் சொல்லுங்கள்.

1781 ஜூனில் உங்கள் ஊர்க் கோயில் கோட்டையாக இருந்தது. உள்ளே மைசூர் ஹைதர் அலியின் காவல்படை. கூட் தாக்கினார், முறியடிக்கப்பட்டார். கடலூர் போகும் வழியையும் ஹைதர் அடைத்துவிட்டார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டை அருகே நேராக மோதாமல் கூட் கடற்கரைப் பக்கம் திரும்பினார். மணல்மேடுகளுக்கு நடுவே ஹைதரின் ஆட்களே பீரங்கி இழுக்க வெட்டிய பாதை இருந்தது. அதன் வழியே புகுந்து பக்கவாட்டில் தாக்கினார். சுமார் எட்டாயிரம் பேர்தான், எதிரே அதைப்போலப் பல மடங்கு. வென்றார், ஆனால் துரத்த முடியவில்லை. வண்டி இழுக்க மாடு இல்லை, அரிசியும் கப்பலில் வந்தாக வேண்டும். அந்த ஆண்டு பொள்ளிலூரிலும் சோளிங்கரிலும் இதே கதைதான்.

கோவை வாசகர்: பணத்தாசை பிடித்தவர் என்கிறார்களே?

உண்மை. அவருடைய கூடுதல் படிகளை அயோத்தி நவாபின் தலையில் கட்டினார் அன்றைய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ். கூட் மறுக்கவில்லை. அவருடைய வீரத்தைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மதுரை வாசகர்: அயர் கூட் 1816இல் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார் என்று படித்தேனே?

அது அவருடைய அண்ணன் மகன். பெயரும் அதே, அவரும் தளபதி. டப்ளின், லண்டன் இரண்டு நாடாளுமன்றங்களிலும் இருந்தவர். நம்முடையவர் 1783 ஏப்ரலில் சென்னையிலேயே இறந்துவிட்டார். அந்த ஆண்டுக்குப் பிந்திய செய்தி எதைப் பார்த்தாலும் இளையவர் கணக்கில் வையுங்கள்.