மாடல் ரயில் மன்றம்: எதை, எந்த அளவில், யார் பெயரில் வாங்குவது?

கேள்வி: பாளையங்கோட்டையில் மாதம் ஒரு ஞாயிறு ஆறு பேர் கூடுகிறோம். ஒருவரிடம் எச்.ஓ. (HO) அளவு செட் இருக்கிறது, இருவரிடம் ‘என்’ (N) ஸ்கேல். மற்றவர்கள் இனிமேல்தான் வாங்க வேண்டும். ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து சேர்த்து ஓட்ட எது தோது? செங்கோட்டைப் பாதையைச் செய்ய வேண்டும் என்று ஆசை.

பதில்: கடைக்குப் போகும் முன் மன்றம் முழுவதற்கும் ஒரே அளவைத் தீர்மானித்து எழுதி வையுங்கள். எச்.ஓ. என்பது 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. என் ஸ்கேல் 160-இல் ஒரு பங்கு, இடைவெளி 9 மி.மீ. இரண்டையும் எந்த வித்தையாலும் ஒரே பாதையில் ஓட்ட முடியாது.

முடிவு செய்யப்போவது இடம்தான். பழைய ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர். எச்.ஓ.வில் அது 24.5 செ.மீ. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல் இரண்டரை மடங்காவது இருந்தால்தான் பெட்டிகளை இணைக்கும் கொக்கி இழுபடாமல் ஓடும். அதாவது 61 செ.மீ. ஆரம், நாலரை அடி அகல மேசை. தொடக்கச் செட்டுகளில் வருவது பெரும்பாலும் 18 அங்குல வளைவு, அதாவது 45.7 செ.மீ. அதில் குட்டிச் சரக்கு வண்டி ஓடும். நெல்லை எக்ஸ்பிரஸ் என்று பத்துப் பெட்டியைக் கோத்தால் மூன்றாவது சுற்றில் கவிழும். பிறகு தண்டவாளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாதம் ஒருமுறை விரித்துச் சுருட்டும் கூட்டத்துக்கு என் ஸ்கேலில் டி-டிராக் முறை பொருந்தும். ஆளுக்குச் சில சிறு மரப்பெட்டிகள், மேலே கேட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளத்தில் இரண்டு பாதை, மேசையில் வைத்துத் தள்ளினால் இணைந்துவிடும். இதன் மூலைகளில் உள்வட்ட ஆரம் 282 மி.மீ., வெளிவட்டம் 315 மி.மீ. ஐ.சி.எஃப். பெட்டி இந்த அளவில் 13.3 செ.மீ. வெளிவட்டத்தில் ஒழுங்காக ஓடும், உள்வட்டத்தில் ஓரம் பிதுங்கித் தெரியும். இப்போதைய நீளமான எல்.எச்.பி. ரயில் பெட்டி 14.7 செ.மீ., அதை வெளிவட்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை ஆசைக்கு முன் எந்தக் காலம் என்று முடிவு செய்யுங்கள். திருநெல்வேலி–தென்காசி 2012-இல் அகலப்பாதை ஆனது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2010-இல் மூடப்பட்டு 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தது. அந்த மலைப்பாதையின் பதிமூன்று கண் பாலத்தில் ஒய்.டி.எம்-4 டீசல் என்ஜின் பழைய மீட்டர் கேஜில் போகிற காட்சிதான் வேண்டுமென்றால், எச்.ஓ. அளவில் அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் தேவை. டி.டி. (TT) என்ற இன்னொரு ஸ்கேலின் அடிச்சட்டம் 12 மி.மீ. பாதைக்கானது என்பதால் அதன்மேல் உடலைச் செய்து மாட்டலாம். ஆனால் அது கைவேலை தெரிந்தவருக்கான வழி, மன்றத்தின் முதல் வருடத்துக்கு ஒத்துவராது. நம் அகலப்பாதைக்குக் கணக்குப்படி எச்.ஓ.வில் 19.3 மி.மீ. வரவேண்டும். சந்தையில் உள்ள 16.5 மி.மீ. மேல்நாட்டு 1435 மி.மீ. பாதைக்கு உரியது. இந்திய என்ஜின் மாடல்களும் அதிலேதான் ஓடுகின்றன, இதைக் கண்டுகொள்ளாமல் விடுவதே வழக்கம்.

எச்.ஓ. வைத்திருப்பவர் அதை விற்கவேண்டாம். வீட்டில் ஓட்டட்டும்.

கேள்வி: டி-டிராக் பெட்டிகளை ஆசாரியிடம் செய்யச் சொல்லப் போகிறோம். என்ன அளவு சொல்ல வேண்டும்? எவ்வளவு பிளைவுட் வாங்க வேண்டும்?

பதில்: ஒற்றைப் பெட்டி 308 மி.மீ. நீளம், 210 மி.மீ. அகலம், 70 மி.மீ. உயரம். மேலே வரும் தண்டவாளம் 248-ம் 62-ம் சேர்ந்து 310 மி.மீ. பெட்டியைவிடத் தண்டவாளம் இருபுறமும் ஒவ்வொரு மி.மீ. துருத்திக்கொண்டிருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். இதைத் தப்பு என்று நினைத்து ஆசாரி 310-க்கே வெட்டிவிடுவது உண்டு. அப்போது மரம் மரத்தோடு முட்டும், தண்டவாள இணைப்பு முழுதாக உட்காராது, பத்துப் பெட்டி தாண்டினால் மின்சாரம் விட்டுவிட்டு வரும். 308 என்று சொல்லுங்கள், 307 ஆனாலும் பரவாயில்லை, 309 கூடாது. ஒரு மாதிரிப் பெட்டி செய்யச்சொல்லித் தண்டவாளத்தை வைத்துப் பார்த்த பிறகே மீதியை வெட்ட விடுங்கள். கைரம்பத்தில் இந்தத் துல்லியம் வராது. மேசை ரம்பம் உள்ள பட்டறையாகப் பாருங்கள், கூலி கொஞ்சம் கூடினாலும் அதுதான் லாபம்.

9 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று போதும். மேல்பலகை 308 × 210. முன்னும் பின்னும் 308 × 61, பக்கங்கள் 192 × 61. 61-ஓடு மேல்பலகை 9 சேர்ந்து 70 ஆகிறது. ஷீட்டின் ஒரு பாதியில் மேல்பலகைகள், மறுபாதியில் 61 மி.மீ. பட்டைகள் என்று பிரித்தால், ரம்பம் தின்னும் 3 மி.மீ. போக 18 பெட்டிக்குச் சரியாக வரும். மூலைப் பெட்டி நாலும் 365 × 365, அவற்றுக்குத் தனித் துண்டு வாங்குங்கள்.

18 ஏன் நல்ல எண் என்றால், மண்டபங்களில் கிடைக்கும் பந்தி மேசை பெரும்பாலும் ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம். இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்து, அப்படி இரண்டு ஜோடியை நீளவாக்கில் போட்டால் 12 அடிக்கு 3 அடி. பக்கத்துக்கு ஒன்பது பெட்டி, இரண்டு மூலை: 3,520 மி.மீ. நீளம், 730 மி.மீ. அகலம். மேசைக்குள் அடங்கி, ஓரத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி வைக்க இடமும் மிஞ்சும். போகும் முன் அந்த மண்டபத்து மேசையை ஒருமுறை அளந்துவிடுங்கள். உயரமும் ஒன்றுபோல் இருக்காது. அதனால் பெட்டியின் நாலு மூலையிலும் எம்-6 போல்ட்டும் நட்டும் வைத்துத் திருகி உயர்த்தித் தாழ்த்த வசதி வேண்டும். 100 மி.மீ. வரை உயரும்படி இருக்கட்டும்.

தண்டவாளக் கணக்கு: 18 பெட்டிக்கு 248 மி.மீ. 36, 62 மி.மீ. 36. மூலைகளுக்கு 282 ஆரம் 45 பாகை வளைவு 8, 315 ஆரம் 45 பாகை 8. இரண்டு பாதைக்கும் நடுவே 33 மி.மீ., மன்றம் முழுக்க அதே இடைவெளி. வயர் நிறம் முன்னிருந்து பின்னாக நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம். ஒருவர் மாற்றிக் கொடுத்தாலும் மொத்த வட்டமும் ஷார்ட் ஆகிவிடும், யார் பெட்டி என்று தேடியே காலைப்பொழுது போகும். கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு பெட்டியையும் சேர்க்கும் முன் மல்டிமீட்டரில் பார்ப்பதை விதியாக வையுங்கள்.

பிளைவுட்டில் ஐ.எஸ். 303 எம்.ஆர். ரகம் (ஓரளவு ஈரம் தாங்குவது) பாளையங்கோட்டைக்குப் போதும். தென்காசி, குற்றாலம் பக்கம் வைத்திருப்பவர்கள் தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 வாங்கட்டும், சாரல் மாதங்களில் சாதாப் பலகை ஈரம் குடித்து முறுக்கிக்கொள்ளும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உரிம எண்ணும் ஷீட்டில் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். எந்த ரகமானாலும் மேலேயும் கீழேயும் பிரைமர் அடிக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் அடித்தால் அடிப்பக்கம் ஈரம் இழுத்துப் பலகை வளையும்.

கேள்வி: அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். இணையத்தில் ரயில் செட் வாங்கினேன். பிளக் மாட்டிய அரை நிமிடத்தில் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: டிரான்ஸ்பார்மரின் அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் என்றால் அமெரிக்காவுக்குச் செய்தது, 100 வோல்ட் என்றால் ஜப்பான். நம் 230 வோல்ட்டில் சுருள் எரியத்தான் செய்யும். விற்பனைப் பக்கத்தில் 230 வோல்ட் என்றோ இந்தியாவில் பயன்படும் என்றோ போட்டிருந்தால், அல்லது வோல்ட்டையே சொல்லாமல் விற்றிருந்தால், உங்கள் பக்கம் வலு உண்டு. 120 என்று தெளிவாகப் போட்டிருந்தால் கஷ்டம். அந்தப் பக்கத்தை இன்றே படம்பிடித்து வையுங்கள், புகார் போன பிறகு வாசகம் மாறிவிடக்கூடும். இணைய வணிகத்துக்கான 2020 விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள்.

செட்டைத் தூக்கிப்போட வேண்டாம், தண்டவாளத்துக்குச் சேதம் இருக்காது. பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ள 12 வோல்ட் டி.சி. 2 ஆம்பியர் அடாப்டர், ஒரு மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு போர்டு, முன்பின் மாற்ற டி.பி.டி.டி. சுவிட்ச். இவ்வளவுதான். ஒரு வயரில் பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 10 வாட் பல்பைத் தொடராகக் கோத்துவிடுங்கள். என்ஜின் தடம்புரண்டு ஷார்ட் ஆனால் பல்பு எரியும், மின்சாரம் 0.8 ஆம்பியருக்கு மேல் போகாது. எச்.ஓ. என்ஜினுக்கு 21 வாட் பல்பு போடலாம்.

கேள்வி: திருச்செந்தூரில் வீடு. தண்டவாளம் மாதத்துக்குள் கறுத்து, என்ஜின் திக்கித்திக்கி ஓடுகிறது. கடைக்காரர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்.

பதில்: தேய்க்காதீர்கள். கீறலுக்குள் அழுக்கு சேர்ந்து இன்னும் சீக்கிரம் கறுக்கும். முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எஃகுத் தண்டவாளம், கடற்காற்றில் நிற்காது, மாற்றிவிடுவதே நல்லது. மஞ்சள் நிறமாக இருந்தால் பித்தளை. மாற்றும்போது நிக்கல் சில்வர் என்று கேளுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். சக்கரத்தையும் துடையுங்கள், பாதிக் கறுப்பு அங்கேதான்.

கேள்வி: மன்றக் கூட்டத்தில் பழைய எச்.ஓ. என்ஜின் ஒன்று விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அரை மீட்டர் நேர்த்தண்டவாளம், டி.சி. கட்டுப்பாடு, தொடராக மல்டிமீட்டர் 10 ஆம்பியர் அளவில். நல்ல என்ஜின் இரண்டு மூன்று வோல்ட்டில் நகரத் தொடங்கி, ஓட்டத்தில் 0.2 முதல் 0.5 ஆம்பியருக்குள் எடுக்கும். ஒரு ஆம்பியரைத் தாண்டினால் காந்தம் தளர்ந்திருக்கலாம் அல்லது பல்சக்கரத்தில் கெட்டிப்பட்ட எண்ணெய் இருக்கலாம். சுத்தம் செய்தபின் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் டக் என்று தட்டினால் அச்சுப் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது. பாகம் கிடைக்குமா என்று தெரிந்துகொண்டு விலை பேசுங்கள். சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே வெர்னியரில் சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும், குறைந்தால் பாதை பிரியும் பாயிண்டில் ஏறிக் கவிழும்.

டி.சி.சி. டிகோடர் (ஒவ்வொரு என்ஜினையும் டிஜிட்டல் கட்டளையால் தனித்தனியே இயக்க உள்ளே வைக்கும் சிறு மின்னணுப் பலகை) உள்ளதா என்று கேளுங்கள். இருந்தால் சாதா டி.சி.யில் ஐந்தாறு வோல்ட் வந்த பிறகுதான் நகரும், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். டிகோடர் இல்லாததை மட்டும் டி.சி.சி. தண்டவாளத்தில் வைத்துவிடாதீர்கள், மோட்டார் ரீங்காரமிட்டுச் சூடேறிக் கெடும்.

இன்னொன்று: வியாபாரமாக விற்காத தனி ஆளிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் கைகொடுக்காது. மேசையிலேயே பார்த்துத் தீர்ப்பதுதான் வழி.

கேள்வி: தண்டவாளத்தை வெளிநாட்டிலிருந்து எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் பெயரில் வரவழைக்கலாமா? அனுப்புகிறவர் ‘பரிசு’ என்று எழுதித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: பரிசுப் பார்சலுக்கு இருந்த வரிச்சலுகை 2019 டிசம்பரில் போய்விட்டது, உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விதிவிலக்கு. பொய்யாக எழுதினால் மாட்டிக்கொள்வது பெறுகிறவர்தான், கூரியர்காரர் அடையாளச் சான்று வாங்கித்தான் பார்சலை விடுவிப்பார். வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, கப்பல் அல்லது விமானக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. ஆகவே பங்கு பிரிக்கும்போது அனுப்பும் செலவையும் வரியையும் பொருள் விலை விகிதத்தில் பிரியுங்கள், தலைக்குச் சமமாக வேண்டாம். 248 மி.மீ. 36 துண்டு ஒரே பெயரில் வந்தால், சொந்த உபயோகம்தானா என்று சுங்கத்தில் கேட்பார்கள். மன்றக் கூட்டக் குறிப்பும் பங்குப் பட்டியலும் கையில் இருக்கட்டும். வெளியாருக்கு லாபத்தில் விற்கத் தொடங்கினால் அது வியாபாரம், இறக்குமதிக் குறியீட்டு எண் தேவைப்படும். நுகர்வோர் என்ற பாதுகாப்பும் அந்தப் பொருளுக்குப் போய்விடும்.

கேள்வி: இந்திய என்ஜின் மாடல் செய்பவரிடம் முன்பணம் கட்டினோம், மூன்று பேர். சொன்ன மாதம் தாண்டி எட்டு மாதம் ஆகிறது. ஊர் வேறு மாநிலம். மன்றம் சார்பில் புகார் தரலாமா?

பதில்: பணம் கட்டிய மூவரும் சேர்ந்து தரலாம். ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனு போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

அதற்கு முன் பட்டுவாடாச் சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள்: பணம் கட்டிய தேதி, தொகை, அவர் சொன்ன மாதம், 15 நாளில் பொருள் அல்லது பணம். இந்தத் தொழிலில் சிறு பட்டறைகள் முன்பணம் சேர்ந்த பிறகே அச்சு வார்க்கப் பணம் போடுகின்றன. ஆறு மாதத் தாமதம் புதிதல்ல, அதனால் ஏமாற்று என்று எடுத்ததும் எழுதாதீர்கள். பதிலே வராததுதான் கெட்ட அறிகுறி. அடுத்தமுறை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வேண்டாம். தரும் மாதமும், தவறினால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ரசீது மன்றத்தின் பெயரில் இருப்பது நல்லது. தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975-இன்படி பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். ஏழு பேர் சேரும்வரை யார் பணம் கட்டினாரோ அவர் பெயரிலேயே ரசீது வாங்கி, பங்குதாரர்கள் பட்டியலில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.